சினாரியோ சாய்ந்திருக்கிறதா, விதியைத் தப்பாகப் படித்தோமா?

போர்ப் பலகை ஆட்டத்தில் ஒரே சினாரியோவில், அதாவது அட்டையில் அமைத்துக் கொடுத்த ஒரே சண்டையில், ஒரே பக்கம் தொடர்ந்து மூன்று முறை தோற்றால் யாருக்கும் வாயில் வரும் முதல் வார்த்தை "இதுல பேலன்ஸே இல்லப்பா" என்பதுதான். நானும் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் சத்தமாகவே. நானும் வழக்கமாக என்னோடு ஆடும் நண்பரும் பல மாதங்கள் ஒரு சினாரியோவைத் திட்டிக்கொண்டே ஆடினோம், தாக்குகிற பக்கம் பாதி ஆட்டத்துக்குள் கரைந்துபோய்விடும், யார் அந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அதே கதி. கடைசியில் வேறு ஏதோ ஒரு சந்தேகத்துக்காக ரூல்புக்கைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது: விதியில் "இந்த எண்ணை விட அதிகமாக" என்று இருந்ததை நாங்கள் இருவரும் "இந்த எண் அல்லது அதற்கு மேல்" என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தோம். ஒரு சொல்தான். அது ஆட்டத்தையே என்ன பண்ணியது என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு நான் எடுத்துக்கொள்வது அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர், சுருக்கமாக ஏஎஸ்எல். 1977-ல் ஜான் ஹில் வடிவமைத்து அவலான் ஹில் வெளியிட்ட ஸ்குவாட் லீடரிலிருந்து வளர்ந்து, 1985-ல் டான் கிரீன்வுட் கைவண்ணத்தில் தனி ஆட்டமாக வந்தது. யூனிட்டை, அதாவது ஒரு படைக்குழுவை, மாற்றுவது பற்றி இவ்வளவு விரிவாக விதி எழுதிய தந்திர ஆட்டம் (சிறு குழுக்களின் நேரடிச் சண்டையைக் காட்டும் ஆட்டம்) வேறு அதிகம் இல்லை என்பதால் இதைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் ஆடுவது வேறு ஆட்டமாக இருந்தாலும் படிக்கும் முறை இதேதான்.

முதலில் "மாற்று" என்ற சொல்லையே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

பெரிய வரைபடத்தில் டிவிஷன்களை நகர்த்தும் ஆட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கேதான் முதல் சறுக்கல். அங்கே ரீப்ளேஸ்மென்ட் என்றால் இழந்த ஆட்களுக்குப் பதிலாகப் புது ஆட்கள் வருவது, பாயின்ட் செலவழித்து அடிபட்ட டிவிஷனை மறுபடி முழுசாக்குவது. தந்திர ஆட்டத்தில் அதற்கு நேரமே கிடையாது. ஏஎஸ்எல்லில் ஒரு ஹெக்ஸ் (வரைபடத்தின் அறுகோணக் கட்டம்) 40 மீட்டர், ஒரு டர்ன் 2 நிமிடம், அப்படியென்றால் ஆறு டர்ன் சினாரியோ என்பது மொத்தமே பன்னிரண்டு நிமிடச் சண்டை. அதற்குள் எந்த லாரியில் யார் வந்து இறங்கப் போகிறார்கள்? இங்கே "ரீப்ளேஸ்டு" என்று எழுதியிருந்தால் பலகையில் கவுன்டர் (யூனிட்டைக் குறிக்கும் அட்டைத்துண்டு) மாறுகிறது, ஆட்கள் அதே ஆட்கள்தான், அவர்களுடைய தைரியமும் ஒழுங்கும் ஒரு படி இறங்கிவிட்டது என்று பொருள். நல்ல பயிற்சி பெற்ற பத்துப் பேர் காலையிலிருந்து குண்டு வாங்கிக்கொண்டே இருந்தால் மதியத்துக்குள் வேறு பத்துப் பேராகிவிடுவார்கள் இல்லையா, அதைத்தான் விதி அட்டைத்துண்டில் காட்டப் பார்க்கிறது.

இதோடு சேர்த்து இன்னும் இரண்டு சொற்களைக் குழப்பாமல் பிரித்து வைக்க வேண்டும். ரிடக்‌ஷன் என்றால் ஆட்கள் நிஜமாகவே போய்விட்டார்கள், ஸ்குவாட் (சுமார் பத்துப் பேர் கொண்ட குழு) ஹாஃப்-ஸ்குவாட் ஆகிறது, ஹாஃப்-ஸ்குவாட் என்றால் காலி. பிரேக் என்றால் ஆட்கள் இருக்கிறார்கள், தரமும் அப்படியே இருக்கிறது, இப்போதைக்குச் சண்டை போடும் நிலையில் இல்லை, கவுன்டரைத் திருப்பிப் போட்டு, மரமோ கட்டிடமோ பார்த்து ஓடவிட்டு, ஒரு லீடர் போய் தேற்றினால் பழையபடி வருவார்கள். ரீப்ளேஸ்டு என்றால் பிரேக் ஆனதோடு கவுன்டரும் மட்டமானதாக மாறுகிறது, தேறி வந்தாலும் அந்த மட்டமான தரத்தில்தான் வருவார்கள். ஒரே பகடை ரோலில் இந்த மூன்றில் எது நடந்தது என்று ஒவ்வொரு முறையும் உங்களால் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

விதியைச் சொல் சொல்லாகப் படிப்பது

சரி, இப்போது விதிக்குப் போவோம். சினாரியோ அட்டையில் ஒவ்வொரு பக்கத்தின் படைப்பட்டியலோடும் ஈஎல்ஆர் (எக்ஸ்பீரியன்ஸ் லெவல் ரேட்டிங், படையின் அனுபவ அளவு) என்று 0 முதல் 5 வரை ஒரு எண் அச்சாகியிருக்கும். யூனிட்டின் கவுன்டரில் மூன்று எண்கள்: சுடும் வலிமை, வீச்சு, மொரால் (மன உறுதி). 4-6-7 என்றால் வலிமை 4, ஆறு ஹெக்ஸ் வீச்சு, மொரால் 7. சுடப்பட்டு மொரால் செக் எடுக்க வேண்டி வந்தால் இரண்டு பகடை உருட்டி மொராலுக்குச் சமமாகவோ குறைவாகவோ வர வேண்டும், மேலே போனால் உடைந்துவிட்டது, எவ்வளவு மேலே போனது என்பது ஈஎல்ஆரை விட அதிகமாக இருந்தால் உடைந்ததோடு ரீப்ளேஸ்மென்ட்டும் நடக்கிறது.

மொரால் 7, ஈஎல்ஆர் 3 என்று வையுங்கள். கூட்டல் இல்லாத சாதாரண மொரால் செக்கில் 8, 9, 10 விழுந்தால் உடைகிறது, அவ்வளவுதான். 11 விழுந்தால் நான்கு மேலே, மூன்றை விட அதிகம், ரீப்ளேஸ்மென்ட். இரண்டு பகடையில் 11 விழ 36-ல் 2 வழிகள். நாங்கள் தப்பாக ஆடியபோது 10-க்கும் சேர்த்து மாற்றிக்கொண்டிருந்தோம், 10 விழ 3 வழிகள், ஆக 36-ல் 5. இரண்டரை மடங்கு! பகடையில் 12 விழுந்தால் அங்கே உயிரிழப்பே வந்துவிடுகிறது, அதனால் இந்தக் கணக்குகள் எல்லாவற்றிலும் 12-ஐ ஒதுக்கி வைத்துவிட்டேன்.

சூடு பலமாக இருந்து 1எம்சி, 2எம்சி (எம்சி என்றால் மொரால் செக்) என்று வந்தால் ரோலோடு அந்த 1 அல்லது 2 சேரும். அதே யூனிட்டுக்கு, அதே ஈஎல்ஆர் 3-ல், 1எம்சி என்றால் 10-ம் 11-ம் மாற்றும், 36-ல் 5 வழிகள். 2எம்சி என்றால் 9, 10, 11, ஆக 36-ல் 9. தப்பாகப் படித்தால் 1எம்சிக்கே 9 ஆகிவிடுகிறது, 2எம்சிக்கு 14. ஒரு ஆட்டத்தில் ஒரு பக்கம் நாற்பது முறை 1எம்சி எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஆறு ஸ்குவாட் தரம் இறங்க வேண்டிய இடத்தில் பத்து ஸ்குவாட் இறங்குகிறது, ஒரு கம்பெனி அளவு படையில் பத்து ஸ்குவாட் என்பது கிட்டத்தட்ட எல்லாருமே. எங்கள் சினாரியோவில் தாக்குகிற பக்கம் ஏன் கரைந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

"அதிகமாக" என்ற சொல்லுக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது, எந்த எண்ணைப் பார்ப்பது என்பது. பகடையில் விழுந்த எண் வேறு, கூட்டல் கழித்தல் எல்லாம் முடிந்த எண் வேறு, ரூல்புக்கில் இவற்றுக்குத் தனித்தனிச் சொல் உண்டு, ஒரிஜினல் என்றும் ஃபைனல் என்றும். ஈஎல்ஆருக்குப் பார்ப்பது ஃபைனல். அப்படியென்றால் அதே ஹெக்ஸில் ஒரு 9-1 லீடர் (மொரால் 9, மற்றவர்களின் ரோலுக்கு −1) இருந்தால் அவருடைய −1 இங்கேயும் வேலை செய்கிறது, 2எம்சி நடைமுறையில் 1எம்சி ஆகி, மாறும் வாய்ப்பு 36-ல் 9-லிருந்து 5-க்கு இறங்குகிறது. லீடர்தான் முதலில் செக் எடுப்பார், அவர் தாங்கினால்தான் அந்த −1 மற்றவர்களுக்கு, அவரே உடைந்தால் இல்லை. இந்த வரிசையை மறந்து எல்லாருக்கும் ஒரே மூச்சில் உருட்டிவிட்டு அப்புறம் லீடருக்கு உருட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதுவும் விதியைத் தப்பாக ஆடுவதுதான், சத்தமில்லாமல் நடக்கும் தப்பு.

மொரால் எண்ணுக்கு அடியில் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள், சின்னக் கோடு, கண்ணில் படாமல் போய்விடும். அமெரிக்க பாராட்ரூப் 7-4-7 போல அந்தக் கோடு உள்ள ஸ்குவாடுகளுக்கு அட்டையில் என்ன ஈஎல்ஆர் போட்டிருந்தாலும் இவர்களுக்கு அது 5 என்றே கணக்கு, அதையும் தாண்டித் தோற்றால் தரம் இறங்குவதில்லை, உடைந்த இரண்டு ஹாஃப்-ஸ்குவாடாகப் பிரிகிறார்கள். இதை அறியாமல் 7-4-7-ஐ எடுத்துவிட்டு மட்டமான அமெரிக்க ஸ்குவாடை வைத்து ஆடினால் அந்தப் பக்கத்துக்கு அநியாயம்.

இன்னொரு திசையும் உண்டு. செக்கிலோ தேற்றும் முயற்சியிலோ 2 விழுந்தால் யூனிட் சூடேறி ஒரு படி மேலே மாறும் வாய்ப்பு திறக்கிறது, அதற்குத் தனி அட்டவணை. அதுவும் ரீப்ளேஸ்மென்ட்தான், மேல்நோக்கி. கீழே போனவர்கள் தானாக மேலே திரும்புவதில்லை, இந்த வழியாக வந்தால்தான் உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால் படிக்க வேண்டியது சினாரியோ அட்டையிலுள்ள சிறப்பு விதிகளை. நாலைந்து வரிதான் இருக்கும், அவை ரூல்புக்கையே வெல்லும். குறிப்பிட்ட குழுவுக்கு மட்டும் வேறு ஈஎல்ஆர் என்று அங்கே ஒரு வரி ஒளிந்திருந்தால் மேலே சொன்ன கணக்கு எல்லாம் மாறிவிடும்.

எதுவாக மாறுகிறது என்பதில்தான் பேலன்ஸ் ஒளிந்திருக்கிறது

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது, பலர் இதைப் பார்க்காமலே பேலன்ஸ் பேசுகிறார்கள்.

ஜெர்மன் 4-6-7 மாறினால் 4-4-7. மொரால் அப்படியே 7, வலிமை அப்படியே 4, வீச்சு மட்டும் ஆறிலிருந்து நாலு. சோவியத் 4-4-7 மாறினால் 4-2-6. இடையில் ஒரு படி கிடையாது, நேராகக் கட்டாய ஆள்சேர்ப்புப் படை. வீச்சு பாதியாகிறது, மொரால் ஒன்று இறங்குகிறது, அதற்கு மேல் அனுபவமில்லாத யூனிட் என்ற முத்திரையும் விழுகிறது: ஒரு டர்னில் நகர நாலு புள்ளிக்குப் பதில் மூன்று, சுடும்போது இரண்டு பகடையும் ஒரே எண்ணாக விழுந்தால் மற்றவர்களுக்குச் சூட்டு அட்டவணையில் ஒரு நிரல் இறங்கும் இடத்தில் இவர்களுக்கு இரண்டு நிரல். ஆக இரண்டு பக்கத்துக்கும் ஈஎல்ஆர் 3 என்று அச்சிட்டிருந்தாலும் அது ஒரே விலை இல்லை. ஜெர்மன்காரருக்கு அது சட்டைப் பொத்தான் போன மாதிரி, சோவியத் பக்கத்துக்கு ஒரு கையே போன மாதிரி.

அதிலும் எந்த நிலத்தில் நடக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டையில் ஜெர்மன் ஸ்குவாடு நாலு ஹெக்ஸுக்கு அப்பால் சுட வேண்டிய தேவையே அபூர்வம், அங்கே 4-6-7 போய் 4-4-7 வந்தால் பாதி நேரம் வித்தியாசமே தெரியாது. வயல்வெளியில் ஐந்து ஆறு ஹெக்ஸ் தள்ளி எதிரி வருகிறான் என்றால் கதை வேறு, வீச்சைத் தாண்டினால் (அதன் இரு மடங்கு வரை) வலிமை பாதி, 4-4-7 அந்தத் தூரத்தில் சுட்டால் நாலுக்குப் பதில் இரண்டுதான். சோவியத் 4-2-6-க்கு முழு வலிமை 80 மீட்டர் வரைதான், 160 மீட்டருக்கு மேல் சுடவே முடியாது. இவர்கள் எதிரி மூக்குக்கு முன்னால் போய்த்தான் ஏதாவது செய்ய முடியும், போவதற்கோ மொரால் 6.

நகர்வையும் கணக்கில் எடுங்கள். நகர்வுப் புள்ளியை மட்டும் எண்ணினால் லீடர் துணை இல்லாத ஸ்குவாடு திறந்த நிலத்தில் பன்னிரண்டு ஹெக்ஸ் கடக்க மூன்று டர்ன், அனுபவமில்லாதவர்களுக்கு நாலு. ஆறு டர்ன் சினாரியோவில், அதில் ஒன்றிரண்டு டர்ன் உடைந்து ஓடித் தேறி வருவதற்கே போய்விடும் நிலையில், அந்த ஒரு டர்ன் என்பது வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவிலுள்ள தூரம்.

ஏற்கெனவே அடித்தளத்தில் இருக்கும் யூனிட் ஈஎல்ஆரைத் தாண்டித் தோற்றால் மாறுவதற்குக் கவுன்டர் இல்லை, நிலைகுலைந்தவர்கள் என்ற குறி விழுகிறது. அவர்கள் ஓடவும் மாட்டார்கள், எதிரி பக்கத்து ஹெக்ஸுக்கு வந்தால் கையைத் தூக்கிவிடுவார்கள். அதனால் 4-2-6 நிறைய உள்ள பக்கத்துக்கு ஈஎல்ஆர் 1 அல்லது 2 என்று போட்டிருந்தால், அந்த வடிவமைப்பாளர் அவர்களைக் கைதிகளாக எண்ணியே பட்டியல் போட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெற்றி நிபந்தனையோடு ஒட்டிப் பார்க்கும் விஷயம் இன்னொன்று. உயிரிழப்புப் புள்ளி எண்ணும் சினாரியோவில் ஒரு ஸ்குவாடு 2 புள்ளி, ஹாஃப்-ஸ்குவாடு 1. தரம் இறங்கினால் புள்ளி எதுவும் இல்லை, ஆட்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். வெளியேறும் புள்ளியிலும் அப்படித்தான், பலகையின் மறுஓரத்தைத் தாண்டும் ஸ்குவாடு பொறுக்கி எடுத்த படையாக இருந்தாலும் கட்டாயத்தில் சேர்த்த படையாக இருந்தாலும் 2 புள்ளி. ஆகவே புள்ளி எண்ணும் சினாரியோவில் ரீப்ளேஸ்மென்ட் நேராக வலிக்காது, சுற்றி வந்து வலிக்கும், அடுத்த செக்கில் மொரால் குறைவாக இருந்து மறுபடி தோற்கும்போது. கட்டிடம் பிடிக்கும் சினாரியோவில் உள்ளே உடையாமல் நிற்க ஒரு ஸ்குவாடு வேண்டும், அது எந்தத் தரமாக இருந்தால் என்ன, நின்றால் போதும், நிற்குமா என்பதுதான் கேள்வி.

ஒரு சின்ன விஷயம், ஆனால் ஆட்டத்தில் அடிக்கடி தகராறு வரும் இடம்: இரண்டு ஹாஃப்-ஸ்குவாடுகளைச் சேர்த்து ஒரு ஸ்குவாடாக்க லீடரும் வேண்டும், இரண்டும் ஒரே வகையாகவும் இருக்க வேண்டும். 4-6-7-இன் பாதி 2-4-7, 4-4-7-இன் பாதி 2-3-7. ஒன்று மாறிவிட்டு மற்றொன்று மாறாமல் இருந்தால் அவை சேராது. எதிரே இருப்பவர் சேர்த்துவிட்டு சும்மா நகர்ந்தால் கேளுங்கள், தப்பில்லை.

இப்போது பேலன்ஸ் பற்றி

இவ்வளவும் சரியாக ஆடியும் ஒரு பக்கம் தோற்றுக்கொண்டே இருந்தால் அப்போது சந்தேகப்படலாம். சந்தேகத்துக்கு ஆதாரமாகப் பலர் எடுத்துக் காட்டுவது விளையாடியவர்கள் பதிவுசெய்த முடிவுகளின் தொகுப்பை. ஏஎஸ்எல்லுக்கு ரோர் (ROAR) என்று ஒரு இணையப் பதிவேடு உண்டு, சினாரியோ பெயரைப் போட்டால் எந்தப் பக்கம் எத்தனை முறை வென்றது என்று காட்டும். நல்ல விஷயம், ஆனால் எண்ணிக்கையைப் பார்க்காமல் விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாற்றும். 20 ஆட்டம் பதிவாகி 13-7 என்று இருக்கிறது என்று வையுங்கள். 65 சதவீதம், கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் நூலிழை கூடச் சாயாத ஒரு சினாரியோவை, சமமான கைகள் 20 முறை ஆடினாலும், ஏதோ ஒரு பக்கம் 13 அல்லது அதற்கு மேல் வெல்வது நாலில் ஒரு தடவைக்குச் சற்று அதிகமாகவே நடக்கும், நாணயம் சுண்டிப் பார்த்தாலும் அப்படித்தான். அதே 65 சதவீதம் 100 ஆட்டத்தில் வந்திருந்தால், 65-35, அது தற்செயலாக வருவது ஆயிரத்தில் மூன்று நாலு முறைதான். முதல் எண்ணை நான் பொருட்படுத்த மாட்டேன், இரண்டாவதை நம்புவேன்.

அப்புறம் யார் ஆடியது என்பதும் இருக்கிறது. தாக்குதல் கடினம். புகை எங்கே போடுவது, எந்த ஸ்குவாடை முன்னால் அனுப்பி எதிரியின் சூட்டை வாங்க வைப்பது, எப்போது காத்திருப்பது, எல்லாம் தெரிந்தவர் ஆடினால் ஒரு மாதிரி, முதல் தடவை ஆடுகிறவருக்கு வேறு மாதிரி. தற்காப்புப் பக்கம் உட்கார்ந்து வருகிறவனைச் சுடுவது புதியவருக்குக் கூடக் கைவரும். அதனால் பதிவில் தற்காப்பு முன்னால் இருந்தால் நான் பாதி நம்புவேன், தாக்குதல் பக்கம் முன்னால் இருந்தால் முழுசாக நம்புவேன். இது என் சொந்த அளவுகோல்தான், இதற்கு ரூல்புக்கில் ஆதாரம் கேட்காதீர்கள்.

உங்கள் மேசையிலேயே சோதிக்க நான் செய்வது: அதே சினாரியோவைப் பக்கம் மாற்றி உடனே இன்னொரு தடவை ஆடுவது, ஆடும்போது ஒரு தாளில் இரண்டே விஷயம் குறிப்பது, எத்தனை ஸ்குவாடு தரம் இறங்கியது, எத்தனை ஸ்குவாடு கடைசி டர்னில் இலக்கை எட்ட ஒரு டர்ன் போதாமல் நின்றது. முதலாவது அதிகமாகி இரண்டாவது குறைவாக இருந்தால் சூடு கடுமை, அதாவது திட்டத்தில் ஓட்டை, திறந்த வெளியில் ஓடியிருப்பீர்கள். இரண்டாவது அதிகமாக இருந்தால் நேரம் போதவில்லை. இரண்டும் ஒரே குறையாகத் தெரியும், மருந்து வேறு வேறு.

எதை எவ்வளவு திருத்துவது

மருந்து அட்டையிலேயே பெரும்பாலும் இருக்கும். இரண்டு நாட்டுச் சின்னத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு வரி, பேலன்ஸ் என்று, ஒரு ஸ்குவாடு கூட்டு, ஒரு லீடர் கூட்டு, டர்ன் மாற்று என்று ஏதாவது. பலவீனமான பக்கத்துக்கு அந்த ஒரு வரியைக் கொடுத்து ஆடிப் பாருங்கள், அதற்கப்புறம் உங்கள் கைச்சரக்கு.

யார் எந்தப் பக்கம் என்பதிலேயே சரிக்கட்டும் வழியும் உண்டு. இருவரும் தனித்தனியே தாளில் எழுத வேண்டும், எனக்கு எந்தப் பக்கம் வேண்டும், அதற்காக எதிராளிக்கு எவ்வளவு சலுகை விட்டுத்தருவேன் என்று. வேறு வேறு பக்கம் எழுதியிருந்தால் சலுகை இல்லாமல் ஆட்டம். ஒரே பக்கம் எழுதியிருந்தால் அதிகச் சலுகை தருவதாக எழுதியவருக்கு அந்தப் பக்கம், எழுதிய சலுகை எதிராளிக்கு, சமமாக இருந்தால் பகடை. ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று படிச் சலுகை வைத்து இதை ஒரு முறையாகவே நடத்துகிறார்கள். ஆட்டம் முடிந்தபின் "நீ நல்ல பக்கம் எடுத்துட்ட" என்று சொல்ல வாய்ப்பே இல்லாமல் போவது இதன் பெரிய லாபம்.

சொந்தமாகத் திருத்துவதாக இருந்தால் நேரத்தை முதலில் தொடுங்கள். தாக்குதல் பக்கம் ஒரு டர்ன் போதாமல் நிற்கிறது என்று தாளில் வந்திருந்தால் அரை டர்ன் (ஒரு பக்கத்தின் முறை மட்டும்) கூட்டுங்கள், முழு டர்ன் கூட்டினால் பெரும்பாலும் மறுபக்கம் சாய்ந்துவிடும். அடுத்து ஆள், அதுவும் ஸ்குவாடாக இல்லாமல் முதலில் ஹாஃப்-ஸ்குவாடாக. லீடரைக் கூட்டுவது பார்க்கச் சின்னதாக இருக்கும், பலகையில் அப்படி இல்லை, தேற்றுவது, வேகமாக நகர்த்துவது, செக்கில் −1 கொடுப்பது என்று ஒரு 9-1 மூன்று வேலை பார்ப்பார், ரீப்ளேஸ்மென்ட்டையும் தடுப்பார் என்று மேலே பார்த்தோம்.

ஈஎல்ஆரைத் தொடுவது கடைசி. பலர் அதை ஒன்று கூட்டினால் லேசான திருத்தம் என்று நினைக்கிறார்கள், சின்ன எண் என்பதால். மொரால் 7 யூனிட்டுக்கு எண்ணிப் பாருங்கள். சாதாரண செக்கில் மாறும் வழிகள் 36-ல், ஈஎல்ஆர் 2 என்றால் 5, 3 என்றால் 2, 4 என்றால் எதுவுமே இல்லை. 1எம்சியில் அதே வரிசையில் 9, 5, 2. 2எம்சியில் 14, 9, 5. எண்கள் ஒரு படி தள்ளி அப்படியே திரும்ப வருவதைக் கவனியுங்கள். ரீப்ளேஸ்மென்ட்டைப் பொறுத்தவரை ஈஎல்ஆரை ஒன்று குறைப்பதும், எதிரியின் ஒவ்வொரு சூட்டையும் ஒரு படி கனமாக்குவதும் ஒன்றே. ஒரு ஹாஃப்-ஸ்குவாடு கூட்டினால் அது பலகையில் ஒரு மூலையில் இருக்கும், ஈஎல்ஆரை மாற்றினால் ஆட்டம் முழுக்க எல்லா மூலையிலும் எல்லா செக்கிலும் அது உட்கார்ந்திருக்கும்.

அதையும் மீறித் தொடுவதென்றால், எதுவாக மாறுகிறது என்ற அந்த வரியை முதலில் பாருங்கள். ஊருக்குள் சண்டையிடும் ஜெர்மன் 4-6-7 படைக்கு ஈஎல்ஆர் கூட்டிக் கொடுப்பது பெரும்பாலும் வெறும் உபசாரம். சோவியத் 4-4-7 கூட்டம் திறந்த வெளியில் தாக்கும் சினாரியோவில் 2-ஐ 3 ஆக்கினால், அன்றைக்குத் தற்காப்பில் உட்கார்ந்திருப்பவர் மூன்றாவது டர்னிலேயே முறைக்க ஆரம்பிப்பார்.

எங்கள் பழைய சினாரியோவை "அதிகமாக" என்பதை அதிகமாகவே படித்து நாலு முறை ஆடினோம், பக்கம் மாற்றி மாற்றி. இரண்டுக்கு இரண்டு. நாலு ஆட்டத்தை வைத்து எதுவும் சொல்லக்கூடாது என்று நானே மேலே எழுதியிருக்கிறேன், அதனால் சொல்லவில்லை. நண்பர் மட்டும் தற்காப்புப் பக்கத்துக்கு இன்னும் ஒரு ஹாஃப்-ஸ்குவாடு வேண்டும் என்கிறார்.